மழைநீரும் அயலவர் உரிமையும்



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகப் பழையது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்கும்போது அது புதிதாகவே எழுகிறது. ஒருவர் தம் காணியை மண்ணிட்டு உயர்த்திக் கடைத்தொகுதி ஒன்று கட்டுகிறார். காணி அவருடையது, பணமும் அவருடையது. நேற்றுவரை அக்காணியில் விழுந்து, புல்லிலும் மணலிலும் ஊறி மறைந்த மழைநீர், இன்று சீமெந்துத் தரையிலே வழுக்கி ஓடி, வேலிக்கு அப்பாலுள்ள வீட்டு முற்றத்தில் தேங்கி நிற்கிறது. அவ்வீட்டார் செய்த தவறு யாது? தாழ்ந்த நிலத்தில் வாழ்வதா? கடை கட்டியவர் செய்த தவறு யாது? தம் காணியில் தாம் விரும்பியதைச் செய்ததா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் பொறியியலாளரிடம் போவது முறையே. ஆனால் அதற்கு முன்னர் வரலாற்றினிடத்தும் ஒருமுறை போய்வருதல் நன்று. ஏனெனில், இவ்வழக்கை மனித சமுதாயம் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக விசாரித்து வந்திருக்கிறது.

முதலில் உரோமாபுரிக்குச் செல்வோம். உலகப் புகழ் பெற்ற அந்நகரின் நடுவே ‘போரம்’ எனப்படும் பொதுவெளி ஒன்று இருந்தது. அரசியற் கூட்டங்களும் வழக்கு விசாரணைகளும் அங்கே நடந்தன என்பதை நாம் பாடநூல்களிற் படித்திருக்கிறோம். அவ்விடம் வாணிகத்துக்கும் உரிய இடமாக விளங்கிற்று என்பதை மறந்துவிடலாகாது. பலட்டைன் குன்றுக்கும் கப்பிற்றோலைன் குன்றுக்கும் இடையே, குடியிருப்புகளின் காலடியில், கடைகள் நிறைந்து விளங்கிய இடம் அது. அந்த இடம் ஆதியில் நிலமாக இருக்கவில்லை. சேற்றுப் பள்ளமாகவே இருந்தது. குன்றுகளில் விழும் மழைநீர் அங்கே இறங்கும். தைபர் நதி பெருகினால் நதிநீரும் அங்கே ஏறும். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியளவில் அப்பள்ளத்தைப் பெருமளவு மண்ணிட்டு உயர்த்தினர் என்பதை அகழ்வாராய்ச்சி காட்டுகிறது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. உரோமர் பள்ளத்தை நிரப்பியதோடு நின்றுவிடவில்லை. அங்கே வந்து சேர்ந்த நீர் போவதற்கு ஒரு வழியும் வெட்டினர். ‘குளோக்கா மக்சிமா’, அதாவது பெருவடிகால் என்று பெயர் பெற்ற அக்கால்வாயைத் தார்க்குவின் மரபைச் சேர்ந்த மன்னர்கள் அமைத்தார்கள் என்பது உரோமரின் மரபுச் செய்தி. முதலிலே திறந்த வாய்க்காலாக இருந்த அது பின்னாளிற் கல்வளைவினால் மூடப்பட்டது. சந்தை மேலே நின்றது. நீர் கீழே ஓடியது. நிலத்தை உயர்த்துகிறவன் நீருக்கும் வழி சொல்ல வேண்டும் என்ற பாடம் அந்நகரின் அத்திவாரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது எனலாம். அவ்வேற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. தைபர் நதி பெருக்கெடுத்த காலங்களில் வடிகாலுக்குள் நதிநீர் பின்னோக்கிப் புகுந்தது. வடிகால் எத்துணைப் பெரிதாயினும், அது சென்று சேரும் இடத்தில் நீர்மட்டம் உயர்ந்து நிற்குமாயின் பயனில்லை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கொழும்பு நகருக்கு வரும்போது இது மீண்டும் நம்மைச் சந்திக்கும்.

நகரங்களில் இவ்வாறு. நாட்டுப்புறத்து வயல்களில் யாது செய்தனர்? கி.மு. 451, 450ஆம் ஆண்டுகளில் உரோமர் தம் வழக்கங்களைப் பன்னிரு பட்டயங்களிலே பொறித்து வைத்தனர். கடன், திருமணம், களவு, மரணம் ஆகியவற்றைப் பற்றிச் சுருங்கப் பேசும் அச்சட்டத்தில் மழைநீருக்கும் இடம் கிடைத்தது. மழைநீராற் கேடு விளையுமாயின் அயலவன் வழக்குத் தொடரலாம் என்பது அவ்விதி. பின்வந்த சட்ட அறிஞர் அதற்குக் கண்ட பொருள் இன்னும் சிறப்புடையது. கேடு விளைந்த பின்னர்தான் வழக்கு என்று அவர்கள் கொள்ளவில்லை. கேடு விளையக்கூடுமாயின் அதுவே போதும் என்று கொண்டனர். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, நெல்மூடை நனைந்து, சுவர் இடிந்த பிற்பாடு நீதிமன்றத்துக்குப் போவதால் ஆவது என்ன? வருமுன் காக்கும் நீதியே நீதி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கி.பி. 533ஆம் ஆண்டில் யஸ்ரினியன் பேரரசன் பழைய சட்ட அறிஞரின் கருத்துகளை எல்லாம் தொகுத்து வெளியிட்டான். ‘டைஜெஸ்ற்’ என வழங்கும் அத்தொகுப்பின் 39ஆம் நூலில் மழைநீருக்கென்றே ஒரு தலைப்பு உண்டு. அதிற் காணப்படும் நெறியை இரண்டு கூறாக வகுக்கலாம். முதலாவது, இயற்கையாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் நீரைத் தாழ்ந்த நிலத்துக்காரன் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலத்தின் அமைப்பே அக்கடமையை அவன்மேல் வைத்திருக்கிறது. இரண்டாவது, மேட்டு நிலத்துக்காரன் கையினாற் செய்த ஒரு வேலைப்பாட்டின் காரணமாக அந்நீர் முன்னையிலும் மிகுதியாகவோ, விரைவாகவோ, வேகங்கொண்டோ வருமாயின், அல்லது ஓரிடத்தில் நெருக்குண்டு பொங்கி வழியுமாயின், அது இயற்கையன்று. அதற்கு அவன் பொறுப்பாளி. அவ்வேலைப்பாட்டை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியவனும் அவனே.

அந்த அறிஞர் நீரைப் பற்றிக் கொண்டிருந்த அறிவு வியக்கத்தக்கது. மழையின் அளவு ஒன்றாயிருந்தாலும், அது எவ்வளவு மிகுதியாக வருகிறது, எவ்வளவு விரைவாக வருகிறது என்பவற்றிலேதான் கேடு தங்கியிருக்கிறது என்று அவர்கள் கண்டனர். இக்காலப் பொறியியலாளர் சூத்திரங்களால் அளப்பதும் இவற்றையே. ஆயினும் அவ்வழக்கு வயல்களுக்கே உரியதாக இருந்தது என்பதையும் மறையாது சொல்லல் வேண்டும். நகரத்துக் கட்டடங்களுக்கு இறவாரத்து நீர், கூரை நீர் என்பவற்றைப் பற்றிய வேறு விதிகள் இருந்தன. பயிர்செய்கைக்காகச் செய்யும் உழவு முதலிய வேலைகளுக்கு விலக்கும் இருந்தது. நெல் விளைவிப்பவனுக்குக் காட்டிய தளர்வு அது. மண்ணை மூடிக் கட்டுபவன் அதனைத் தனக்கெனக் கோர முடியாது.

இச்சட்டம் நமக்கு எவ்வழியாக வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். அது ஒல்லாந்து தேசத்தின் வழியாக வந்தது. ஒல்லாந்தரின் நிலத்தில் கணிசமான ஒரு பகுதி கடல்மட்டத்திற்குக் கீழே இருப்பது. அங்கே ஒருவன் தன் வாய்க்காலைத் தூர்த்தால் ஊரே மூழ்கும். ஆதலால் நீரை ஆள்வதற்கென்றே தனிச் சபைகளை அவர்கள் மத்திய காலத்திலேயே ஏற்படுத்தினர். றைன்லாந்துப் பகுதியின் நீர்ச்சபை 1255ஆம் ஆண்டிலேயே அரச ஏற்புப் பெற்றது. அணைக்கும் வாய்க்காலுக்கும் காணிக்காரர் எல்லோரும் பங்கு கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினவரைத் தண்டிக்கவும் அச்சபைகளுக்கு அதிகாரம் இருந்தது. இத்தகைய மக்கள் உரோமச் சட்டத்தைத் தம் வழக்கத்தோடு இணைத்தபோது பிறந்ததே உரோம-ஒல்லாந்தச் சட்டம். இயூகோ குறோசியஸ் என்னும் பேரறிஞர் 1619 முதல் 1621 வரை சிறையிலிருந்த காலத்தில் எழுதி, 1631இல் வெளிவந்த நூல் அச்சட்டத்துக்கு ஒழுங்கான வடிவம் தந்தது.

ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கோட்டையோடும் கறுவாவோடும் அவர்களின் சட்டமும் இங்கே வேரூன்றியது. 1796இல் ஆட்சி பிரித்தானியர் கைக்கு மாறிய பின்னரும், 1799ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆம் தேதிப் பிரகடனத்தின்படி பழைய சட்டம் தொடரலாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, அயல் வளவின்மேற் சாயும் மரங்களின் பயனைப் பற்றிக்கூடப் பேசுகிறது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அதனை உறுதிப்படுத்தியது. தேசவழமை பேசாத இடத்தில் உரோம-ஒல்லாந்தச் சட்டமே பேசும். ஆகவே, பன்னிரு பட்டயங்களிற் பொறிக்கப்பட்ட மழைநீர் விதியின் வழித்தோன்றல், இன்று பருத்தித்துறையிலும் தெய்வேந்திரமுனையிலும் பெய்யும் மழைக்கும் உறவினதாகும்.

சட்டம் வந்தது. நிலம் எவ்வாறிருந்தது? கொழும்பு நகரை எடுத்துக்கொள்வோம். வடக்கே களனி கங்கை, மேற்கே கடல், கிழக்கேயும் தெற்கேயும் சதுப்பு நிலங்கள். நகரின் பல பகுதிகள் கடல்மட்டத்திலிருந்து சிறிதளவே உயர்ந்தவை. பெய்த நீர் உடனே ஓடிவிடுவதற்கு வேண்டிய சரிவு இல்லை. ஆதலால் நீர் முதலிற் சதுப்பிலே தங்கி, பின்னர் மெல்ல மெல்லக் கால்வாய்களின் வழியாகக் கங்கைக்கும் கடலுக்கும் போகும். வடக்கே சென் செபஸ்தியன் கால்வாயும், தெற்கே வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களும் அதற்கான வாயில்கள். பயனற்ற சேறென்று பலர் எண்ணிய சதுப்பு நிலம், உண்மையில் நகரத்தின் நீர்க்களஞ்சியமாக இருந்தது. நெற்களஞ்சியத்தை இடிப்பவனை எல்லோரும் காண்பர்; நீர்க்களஞ்சியத்தைத் தூர்ப்பவனை மழை வரும்வரை எவரும் காணார்.

கங்கையின் வெள்ளத்தைத் தடுப்பதற்குப் பிரித்தானியர் காலத்திற் கரைகள் எழுப்பப்பட்டன. 1924ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அத்தகைய பணிகளுக்கு இடங்கொடுத்தது. கரைகள் கங்கையைத் தடுத்தன என்பது மெய். ஆனால் கங்கை பெருகி நிற்கும் வேளையில் வாயிற் கதவுகளை மூடினால், நகருக்குள்ளே பெய்த மழை எங்கே போகும்? உரோமாபுரியின் பெருவடிகாலுக்கு நேர்ந்த இடர் இதுவேயன்றோ? அவ்வேளையில் அந்நீர் தங்கியிருக்கச் சதுப்பு நிலம் ஒன்றே உண்டு. கரை கட்டிய அன்றே சதுப்பின் மதிப்பு முன்னையினும் உயர்ந்துவிட்டது. ஆனால் சந்தை விலையில் அம்மதிப்பு எழுதப்படவில்லை.

1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்தற்கென ஒரு சபை நிறுவப்பட்டது. பின்னர் அது கூட்டுத்தாபனமாக வளர்ந்தது. ‘மீட்டல்’ என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதனிடமிருந்து எதனை மீட்பது? நிலம் நீருக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது போலவும், மண் கொட்டி அதனை விடுவிப்பது போலவும் அச்சொல் நமக்குத் தோற்றம் தருகிறது. அக்கால் மக்கள் தொகை பெருகிற்று; வீடுகள் வேண்டியிருந்தன; களஞ்சியங்களும் கடைகளும் தொழிற்சாலைகளும் வேண்டியிருந்தன. அதனை எவரும் மறுக்க முடியாது. சட்டப்படி நிரப்பப்பட்டது ஒரு பகுதி. எவர் அனுமதியும் இன்றி இரவோடிரவாகக் கிறவல் மண் கொட்டி நிரப்பப்பட்டது இன்னொரு பகுதி. ஒவ்வொரு காணியும் சிறியதுதான். ஒவ்வொருவரும், என் ஒரு காணியாலா ஊர் மூழ்கப்போகிறது என்றுதான் கேட்டனர்.

அக்கேள்விக்கு விடை 1992ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் தேதி வந்தது. அன்று கொழும்பிற் பதிவான மழை 493.7 மில்லிமீற்றர். ஓர் ஏக்கர் நிலத்தில் மட்டும் அது ஏறத்தாழ 20 இலட்சம் இலீற்றர் நீராகும். அத்துணைப் பெருமழையை எந்த நகரமும் எளிதில் தாங்காது என்பது மெய்யே. ஆயினும், நீர் தங்குதற்கு முன்னர் இருந்த இடங்களிற் பல அப்போது கட்டடங்களாகிவிட்டிருந்தன என்பதும் மெய். நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே மனிதர் குடியிருந்தனர். கால்வாய்க் கரையோரத்துக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள் பட்ட துன்பம் பெரிது. சதுப்பை நிரப்பியவருள் அவர்களைப் போன்றவரும் உண்டு என்பார் உளர். உண்மைதான், ஆனால் அவர்கள் போக்கிடமின்றிப் போனவர்கள். இலாபம் கருதி நிரப்பியவருக்கு வேறு இடம் இருந்தது.

அதன் பின்னர் யப்பான் நாட்டுக் கடனுதவியோடு கால்வாய்கள் அகழப்பட்டன. எனினும் 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இரவில் 440 மில்லிமீற்றரளவு மழை பெய்தபோது, கோட்டேயில் நீர்சூழ்ந்த தீவிலே 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடமே வெள்ளத்துள் அகப்பட்டது. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் மன்றத்தின் வாயிலில் மழைநீர் வந்து நின்றதை, அது தன் முறைப்பாட்டை நேரிற் சமர்ப்பிக்க வந்தது என்று கொண்டாலும் தகும். எஞ்சிய சதுப்பு நிலங்களைக் காக்க வேண்டும் என்ற உணர்வு அதன் பின்னர் வலுப்பெற்றது. 2018ஆம் ஆண்டில், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரங்கள் என்று முதன்முதலாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று. நாம் சேறென்று இகழ்ந்ததற்கு உலகம் சான்றிதழ் தந்தது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே களனி கங்கை போன்ற ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே சொல்லத்தக்கது. நிலம் மட்டமானது, அடியிலே சுண்ணாம்புக்கல். இத்தகைய நிலத்தில் நம் முன்னோர் நீரை ஓடவிடுவதிலும் தங்கவிடுவதிலேயே கருத்தைச் செலுத்தினர். நூற்றுக்கணக்கான குளங்களை வெட்டி, ஊரிலே பெய்த மழையை வெள்ளவாய்க்கால்கள் வழியாக அவற்றுக்குக் கொண்டு சென்றனர். ஆரியகுளம், புல்லுக்குளம் என நகரின் நடுவே இன்றும் வழங்கும் பெயர்கள் அதற்குச் சான்று. குளத்தில் தங்கிய நீர் கல்லினூடே ஊறிக் கிணறுகளுக்குப் போயிற்று. மாரியில் வெள்ளத்தைத் தடுத்ததும் அக்குளமே. பங்குனியிற் கிணற்றைக் காத்ததும் அக்குளமே. ஒரு குளத்தையோ அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலையோ நிரப்பிக் கடை கட்டினால், மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் ஊர் தண்டனை பெறுகிறது. கொழும்பிற் சதுப்பு நிலம் செய்ததை யாழ்ப்பாணத்தில் குளம் செய்தது. இடம் வேறு, நீதி ஒன்றே.

நேயர்களே, வரலாற்றைக் கேட்டாயிற்று. இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வகுப்பறையிற் கரும்பலகை இருந்தால் எழுதிக் காட்டுவேன். இங்கே தங்கள் மனமே கரும்பலகை. ஓர் ஏக்கர் காணியில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 4 இலட்சம் இலீற்றர். காணி மணலும் புல்லும் மரமுமாக இருந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே ஓடிற்று என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். அது 80,000 இலீற்றர். கூரையும் கொங்கிறீற்றும் வாகனத் தரிப்பிடமுமாக மாறிய பின்னர் பத்தில் ஒன்பது பங்கு ஓடுமாயின், அது 3 இலட்சத்து 60,000 இலீற்றர். மழை ஒன்றே, காணி ஒன்றே, வெளியே போகும் நீர் நாலரை மடங்காயிற்று. அதிகப்பட்ட 2 இலட்சத்து 80,000 இலீற்றரும் வானத்திலிருந்து புதிதாக வந்ததன்று. மனிதன் கையாற் செய்த வேலைப்பாட்டினால் வந்தது. உரோம அறிஞர் சொன்ன ‘மிகுதி’ இதுவே. முன்னே புல்லிடையே தடைப்பட்டு ஆறுதலாக வந்த நீர், இப்போது வழுவழுப்பான தரையிலும் குழாயிலும் ஒரேயடியாக வந்து சேருகிறது. அவர்கள் சொன்ன ‘விரைவு’ அதுவே.

இக்கணக்கிலிருந்தே கடமையும் பிறக்கிறது. கட்டுபவர் தம் காணியிலிருந்து முன்னர் எவ்வளவு நீர், எவ்வளவு விரைவாக வெளியேறியதோ, அந்த அளவுக்குள்ளேயே பின்னரும் வெளியேறும்படி செய்ய வேண்டும். அதிகப்பட்ட நீரைத் தம் காணிக்குள்ளேயே தொட்டியிலோ, பள்ளமான புற்றரையிலோ தேக்கி, மழை ஓய்ந்தபின் சிறு குழாய் வழியாக மெல்ல விடலாம். மண் ஏற்றதாயின் குழி வெட்டி ஊறவிடலாம். ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இதற்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் வடியும் எண்ணெயைக் கழுவி வரும் நீர், கல்வெடிப்பினூடே விரைவாக அயலவர் கிணற்றைச் சென்றடையக்கூடும். வெள்ளத்தைத் தவிர்க்கப்போய்க் குடிநீரைக் கெடுத்துவிடலாகாது. ஆகையால் கூரைநீரை வேறாகவும் தரைநீரை வேறாகவும் கொண்டுசென்று, தரைநீரைத் தெளியவைத்த பின்னரே நிலத்துள் விடுதல் வேண்டும்.

இன்னும் சில உண்டு. வீதியோரத்து வடிகானோடு குழாயை இணைத்துவிட்டேன் என்று சொல்வது மட்டும் போதாது. அவ்வடிகான் எங்கே போகிறது, வழியிலுள்ள மதகு எவ்வளவு நீரைத் தாங்கும், முடிவில் அது சேரும் குளமோ கால்வாயோ தூர்ந்து கிடக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஒருவர் வளவிலிருந்து நீங்கிய நீர் உலகத்தை விட்டு நீங்குவதில்லை. கட்டட வேலை நடக்கும் மாதங்களிலும் கவனம் தேவை. அள்ளிக் குவித்த மண் ஒரு மழையிற் கரைந்து வந்து அயலிலுள்ள வடிகானை அடைத்துவிடும். கடை திறக்கும் முன்னரே வெள்ளம் திறப்பு விழாச் செய்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண் ஏற்றுமுன் நிலமட்டத்தை அளந்து, படத்திற் குறித்து, அயலவருக்கும் காட்டல் வேண்டும். நிலம் முன்னர் எப்படியிருந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால், பின்னர் நீதிமன்றத்தில் இரு பக்கத்தாரும் சத்தியம் செய்வர். நீர் மட்டும் சாட்சி சொல்லாது.

அயலவருக்கும் கடமை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் யான் நடுநிலை தவறியவனாவேன். தாழ்ந்த வளவுக்காரர், இயற்கையாக வரும் நீரையும் ஏற்கமாட்டேன் என்று மதில் எழுப்பி வாய்க்காலை அடைத்தால், அவரும் நெறி தவறியவரே. வீட்டுக்குப்பையை வடிகானிற் கொட்டிவிட்டுக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் முறையன்று. ஊருக்குக் கடைகள் வேண்டும்; மருந்தகம் வேண்டும்; இளைஞருக்கு வேலை வேண்டும். அபிவிருத்தியைத் தடுப்பது நம் நோக்கமன்று. அதன் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

இக்கேள்வியை ஒளிவுமறைவின்றிக் கேட்போமாக. தேக்கத்தொட்டி கட்டுவதற்குச் செலவாகும். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதியைப் புற்றரையாக விட்டால் வருமானம் குறையும். அச்செலவைக் கட்டுபவர் ஏற்காவிட்டால் அது மறைந்துவிடுமா? மறையாது. வேலிக்கு அப்பால் உள்ள வீட்டார் அதனைக் கட்டிலின் காலுக்குக் கல் வைத்தும், கிணற்றை இறைத்தும், நனைந்த பாடப்புத்தகத்தை வெயிலிற் காயவைத்தும் கொடுத்துத் தீர்க்கிறார்கள். அவர்களிடம் யாரும் இசைவு கேட்கவில்லை, பற்றுச்சீட்டும் கொடுக்கவில்லை. ஒருவருடைய இலாபக் கணக்கிலிருந்து நீங்கிய செலவு இன்னொருவருடைய வாழ்க்கைக் கணக்கில் எழுதப்படுகிறது. அநீதி என்பது இதுவே.

அனுமதி வழங்கும் மாநகர சபைக்கும் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும், 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் இதில் பெரும் பொறுப்புண்டு. கட்டடத்தின் உயரத்தையும் சுவரின் கனத்தையும் நோக்குவதுபோல, அதிலிருந்து புறப்படும் நீரின் வழியையும் நோக்கல் வேண்டும். பொதுமக்களாகிய நமக்கும் உரிமையுண்டு. மண் ஏற்றும் வண்டிகள் வந்த அன்றே, நீருக்கு வழி எது என்று பணிவாகவும் எழுத்திலும் கேட்போமாக. கேடு விளையக்கூடுமாயின் கேட்கலாம் என்ற உரிமையைப் பன்னிரு பட்டயத்துக்குப் பொருள் கண்ட அறிஞர் உரோம உழவனுக்குத் தந்திருக்க, வெள்ளம் வந்த பின்னர் மனு எழுதும் வழக்கத்தை நாம் மட்டும் ஏன் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்?

மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்கிறது. அது விழுந்தபின் செல்லும் வழியை அமைப்பவன் மனிதன். சந்தை கட்டு முன்னர் வாய்க்காலை நினைத்த பழைய நகரத்தார் நமக்கு ஒரு முறையைக் காட்டிச் சென்றார்கள். வீடு கட்டு முன்னர் குளத்தை வெட்டிய நம் முன்னோரும் அதனையே காட்டிச் சென்றார்கள். நிலத்தை உயர்த்துவோர் நீருக்கும் பொறுப்பேற்பாராக. அப்பொறுப்பை அவர்கள் ஏற்கும்படி கேட்கும் துணிவும், தம் பங்குக்கு வாய்க்காலைத் தூர்க்காது காக்கும் ஒழுக்கமும் நம் எல்லோருக்கும் உண்டாகுக என்று கூறி விடைபெறுகிறேன்.